கன்னத்துக்குள் ஓர் அறை

(பொதுமக்களுக்காக ஆற்றிய மருத்துவச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முப்பது வருடமாகக் காது மூக்கு தொண்டை மருத்துவம் பார்த்துவருகிறேன். என் அறைக்குள் வருகிறவர்களில் பலர் நாற்காலியில் உட்கார்ந்ததும், "டாக்டர், எனக்கு சைனஸ் இருக்கு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். சைனஸ் எனக்கும் இருக்கிறது, இங்கே உள்ள எல்லோருக்கும் இருக்கிறது. மூக்கைச் சுற்றி முக எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகளின் பெயர் அது. அந்த அறையின் உட்சவ்வு வீங்கிச் சளியோ சீழோ தேங்கும்போதுதான் அது நோய். அறையின் பெயரையே நோயின் பெயராக்கிவிட்டதில் ஒரு கெடுதல் நடந்திருக்கிறது. தும்மல், தலைவலி, மூக்கடைப்பு, சீழ் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி, "சைனஸ்தானே, ஆவி பிடிச்சா போயிடும்" என்று ஒதுக்கிவைத்துவிடுகிறோம். அந்த மூட்டைக்குள் ஆவி பிடித்தால் போகாத ஒன்றும் கிடக்கிறது. பல்லிலிருந்து வரும் சைனஸ் நோய் அது. அதிலும், இம்பிளான்ட் எனப்படும் செயற்கைப் பல்வேர் பதிக்கும்போதோ பதித்த பிறகோ வருவதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். வலது மூக்கில் மட்டும் மஞ்சளாகச் சளி ஒழுகுகிறது, வலது கன்னம் கனக்கிறது, கோலம் போடக் குனிந்தால் இன்னும் கனக்கிறது என்றார். மூக்குக்குள் பார்த்தேன், சீழ் தெரிந்தது. மாத்திரையும் மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயும் எழுதிக்கொடுத்தேன். பத்து நாளில் குறைந்தது. மாத்திரை முடிந்து மூன்றாவது வாரம் திரும்ப வந்தது. மறுபடி மருந்து, மறுபடி குறைந்தது, மறுபடி வந்தது. மூன்றாவது தடவை வந்தபோது, துணைக்கு வந்த மருமகளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"டாக்டர், தப்பா நெனைக்காதீங்க. எனக்கே எம்மேல நாத்தம் அடிக்குது. பேரப்பிள்ளையத் தூக்கிக் கொஞ்சறதையே விட்டுட்டேன்."

அப்போதுதான் கேட்டேன்: "டீச்சர், மேல் பல்லுக்கு ஏதாவது வைத்தியம் பண்ணிக்கிட்டீங்களா?"

"போன வருஷம் வலது பக்கம் ரெண்டு இம்பிளான்ட் வெச்சேன். அதுக்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம்?"

ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம். வலது கன்னத்துக் காற்றறை முழுக்க அடைந்திருந்தது. அதன் தரையைத் துளைத்துக்கொண்டு ஓர் இம்பிளான்ட் திருகின் முனை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி எலும்பு வளர்வதற்காக வைத்த துகள்கள் சிதறிக் கிடந்தன. முதல் இரண்டு தடவையும் அவரை வாயைத் திறந்து காட்டச் சொல்லவில்லை நான். நான்கு மாதம் வீணாயிற்று. அது என் தவறு. இடையில் அவர் பல் மருத்துவரிடமும் போயிருக்கிறார். அந்த மருத்துவர் இரண்டு பல்லையும் தட்டிப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, "பல் நல்லா இருக்கு, மூக்கு டாக்டரைப் பாருங்க" என்று அனுப்பியிருக்கிறார். அவர் சொன்னதில் பொய் இல்லை. பல் உறுதியாகத்தான் இருந்தது. அவர் பல்லைப் பார்த்தார், நான் மூக்கைப் பார்த்தேன். நடுவில் இருந்த அறையை இருவருமே பார்க்கவில்லை.

அந்த அறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது புரிந்துவிட்டால் வைத்தியம் தானாகப் புரியும்.

ஆள்காட்டி விரலைக் கண்ணுக்குக் கீழே கன்ன எலும்பின்மேல் வையுங்கள். அந்த விரலுக்குப் பின்னால் இருப்பதுதான் மேல்தாடைக் காற்றறை. வளர்ந்தவர்களுக்கு அதன் கொள்ளளவு ஏறக்குறைய 15 மில்லி, அதாவது மூன்று தேக்கரண்டி. அதன் கூரைதான் கண்ணுக்குத் தரை. அதன் தரைக்குக் கீழே மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள். சிலருக்கு வேர் நுனிக்கும் அறைக்கும் நடுவே நல்ல கனத்தில் எலும்பு இருக்கும். சிலருக்குக் காகிதம் போல இருக்கும். இன்னும் சிலருக்கு எலும்பே இராது, வேர்மேல் வெறும் சவ்வுதான் போர்த்தியிருக்கும்.

இங்கிலாந்தில் ஷெர்போர்ன் என்ற ஊரில் நதேனியல் ஹைமோர் என்ற மருத்துவர் இருந்தார். 1651-ல் அவர் எழுதிய உடற்கூறு நூலில் இந்த அறையை விரிவாக விவரித்ததால், பின்னால் வந்த மருத்துவர்கள் இதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே லியனார்டோ டாவின்சி மண்டையோட்டை அறுத்து இந்த அறையை அழகாக வரைந்துவைத்திருந்தார். ஆனால் அந்த ஓவியங்கள் அக்காலத்து மருத்துவர்கள் கைக்கு வந்து சேரவில்லை. ஹைமோர் தம் நூலில் ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறார். அந்தப் பெண்ணுக்கு மேல் பல் ஒன்றைப் பிடுங்கியதும் அந்தக் குழியிலிருந்து நீர் ஒழுக ஆரம்பித்தது, நிற்கவில்லை. எங்கிருந்து வருகிறதென்று பார்க்க அந்தப் பெண்ணே தலைமுடியில் செருகும் வெள்ளி ஊசியை எடுத்துக் குழிக்குள் விட்டார். அது கண் வரைக்கும் போயிற்று. பயந்துபோய் ஓர் இறகைச் சீவி உள்ளே விட்டார். அதுவும் முழுசாகப் போய்விட்டது. மூளைக்கே போய்விட்டதென்று நடுங்கிய அந்தப் பெண்ணிடம், இறகு ஓர் அறைக்குள் சுருண்டுதான் போயிருக்கிறது, மூளைக்குப் போகவில்லை என்று விளக்கி அவர் பயத்தைப் போக்கினார் ஹைமோர். பல்லுக்கும் சைனஸுக்கும் சம்பந்தம் உண்டு என்பது இப்படி மருத்துவ நூலில் ஏறி 370 வருடத்துக்கு மேலாகிறது. அப்படியும் என் டீச்சரை நான் இரண்டு தடவை வெறும் மாத்திரையோடும் ஸ்பிரேயோடும் அனுப்பினேன்.

இந்த அறைக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு வாசல்தான். சில மில்லிமீட்டர் அகலம். அதைவிட வியப்பு, அது இருக்கும் இடம். நம் ஊர்க் குளத்தில் மதகு எங்கே இருக்கும்? கரையின் அடியில். தண்ணீர் தானாகப் பள்ளத்துக்கு ஓடிவிடும். இந்த அறையின் மதகோ கூரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நிற்கும்போதும் உட்கார்ந்திருக்கும்போதும் சளி தானாக வழிந்து வெளியேற வழியே இல்லை. பிறகு எப்படி வெளியே போகிறது? உட்சவ்வில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. நொடிக்குப் பத்துத் தடவை போல அவை ஒரே திசையில் அடித்துக்கொண்டே இருக்கின்றன. ஏற்றம் இறைப்பது போல, அடியில் ஊறும் சளியைச் சுவரோடு சுவராக மேலே ஏற்றி அந்தச் சிறு வாசல் வழியாக மூக்குக்குள் தள்ளிவிடுகின்றன. நாம் தூங்கும்போதும் இந்த இறைப்பு நிற்பதில்லை. வாசல் திறந்திருந்து, நுண்மயிர் வேலை செய்தால் அறை சுத்தமாக இருக்கும். வாசல் வீங்கி மூடினாலோ, மயிர்கள் செத்தாலோ, தரையில் அந்நியப் பொருள் விழுந்து கிடந்தாலோ சளி தேங்கும். தேங்கிய இடத்தில் கிருமி குடியேறும்.

இனி இம்பிளான்ட்டுக்கு வருவோம். ஸ்வீடன் நாட்டில் பெர்-இங்வார் பிரானெமார்க் என்ற ஆய்வாளர் 1950-களில் முயலின் கால் எலும்புக்குள் டைட்டானியக் குழல் ஒன்றை வைத்து ரத்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வு முடிந்து குழலைக் கழற்றப் போனால் கழற்ற முடியவில்லை. எலும்பும் உலோகமும் ஒன்றோடொன்று பிணைந்துபோயிருந்தன. அந்தப் பிணைப்பிலிருந்து பிறந்ததுதான் இன்றைய இம்பிளான்ட். 1965-ல் கோதன்பர்க் நகரில் யோஸ்தா லார்சன் என்பவருக்கு முதன்முதலாகப் பதித்தார்கள். 2006-ல் அவர் காலமாகும் வரை அந்த வேர்கள் வாயிலேயே இருந்தன. 1982-ல் டொராண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு உலகமே இந்த முறையை ஏற்றுக்கொண்டது.

ஆனால் லார்சனுக்கு வைத்தது கீழ்த்தாடையில். கீழ்த்தாடை கெட்டி எலும்பு, அங்கே சைனஸ் கிடையாது. மேல்தாடையின் பின்பகுதி வேறு மண். எலும்பு மென்மையானது. கடைவாய்ப் பல் போய்ச் சில வருடம் ஆனால், கீழேயிருந்து தாடை தேயும், மேலேயிருந்து காற்றறை இறங்கிவரும். பல் இருந்த காலத்தில் ஒரு விரல்கடை இருந்த எலும்பு மூன்று, நான்கு மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். பதிக்க வேண்டிய திருகின் நீளமோ பொதுவாக எட்டு, பத்து மில்லிமீட்டர்.

இந்தச் சிக்கலுக்கு அமெரிக்காவில் ஹில்ட் டாடம் என்ற பல் மருத்துவர் 1970-களில் ஒரு வழி கண்டார். 1980-ல் பாயின், ஜேம்ஸ் என்ற இருவர் அது போன்ற முறையை மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அறையின் பக்கச் சுவரில் சின்ன ஜன்னல் வெட்டி, உட்சவ்வைக் கிழிக்காமல் மெல்ல மேலே தூக்கி, சவ்வுக்கும் எலும்புக்கும் நடுவே எலும்புத் துகள்களை நிரப்புவது. சில மாதத்தில் அது எலும்பாகும். அதில் திருகைப் பதிக்கலாம். சைனஸ் லிப்ட் என்று பல் மருத்துவமனையில் நீங்கள் கேள்விப்படுவது இதைத்தான். அவித்த முட்டையை உரிக்கும்போது ஓட்டுக்கு அடியில் ஒரு மெல்லிய தோல் வருமே, ஏறக்குறைய அப்படியான ஒரு சவ்வைத்தான் தூக்குகிறார்கள். கைதேர்ந்தவர்கள் செய்தாலும் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் அது கிழிகிறது என்று ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. கிழிந்தாலே நோய் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். சின்னக் கிழிசலை அங்கேயே கொலாஜன் சவ்வு வைத்து மூடிவிடுவார்கள், ஆறிவிடும். பெரிதாகக் கிழிந்துவிட்டால் அன்றைக்கு வேலையை நிறுத்தி, சில மாதம் கழித்துத் தொடருகிற மருத்துவரை நம்புங்கள். நிறுத்தத் தெரிந்தவர்தான் நல்ல கைக்காரர்.

நோய் எப்படி வருகிறது என்றால், வழி ஒன்றல்ல. கிழிசல் வழியாகத் துகள்கள் அறைக்குள் விழுந்து வாசலை அடைக்கலாம். வாய்க் கிருமிகள் துகள்களில் ஏறிக்கொள்ளலாம். எலும்போடு சேராத திருகு தளர்ந்து, ஒரு நாள் மெல்லும்போது அப்படியே உள்ளே போய் விழுந்துவிடலாம். எடுத்துவிட்ட இம்பிளான்ட்டின் குழி மூடாமல் வாய்க்கும் சைனஸுக்கும் நடுவே ஓட்டையாக நிலைத்துவிடலாம். வருடக்கணக்கில் நன்றாக இருந்த இம்பிளான்ட்டைச் சுற்றி ஈறு பழுத்து, எலும்பு கரைந்து, சீழ் மேலே ஏறலாம். ஆனால் திருகின் முனை ஓரிரண்டு மில்லிமீட்டர் உள்ளே எட்டிப் பார்க்கிறது என்பதற்காக மட்டும் யாரும் கலங்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அதன்மேல் சவ்வு வளர்ந்து போர்த்திவிடும்.

அறிகுறிகளைச் சொல்கிறேன், வீட்டில் போய்ச் சொல்லுங்கள். சாதாரணச் சளி இரண்டு மூக்கிலும் வரும். பல்லிலிருந்து வருவது பெரும்பாலும் ஒரு பக்கம்தான். அடுத்தது நாற்றம். வாயிலிருந்து வரும் கிருமிகளில் காற்று இல்லாத இடத்தில் வாழும் வகைகள் அதிகம். அவற்றின் சீழ் அழுகின வாடை அடிக்கும். பல நேரம் அந்த வாடை பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது, நோயாளிக்கு மட்டும் தெரியும். வீட்டில் சொன்னால், "உனக்கு மனப்பிரமை" என்பார்கள். பிரமை இல்லை. தொண்டையில் கசப்பாக ஏதோ இறங்கிக்கொண்டே இருக்கும். பல்லில் வலி இருக்க வேண்டும் என்பதில்லை, வலி இல்லாததால்தான் பல பேர் ஏமாந்துபோகிறார்கள். காபி குடித்தால் மூக்கில் வருகிறது, வாய் கொப்பளித்தால் மூக்கு வழியாக ஒழுகுகிறது என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை, ஓட்டை இருக்கிறது.

ஒரு பக்கம், நாற்றம், அதே பக்கத்து மேல் பல்லில் எப்போதாவது வைத்தியம். இந்த மூன்றும் சேர்ந்தால், வேறென்று நிரூபணமாகும் வரை பல்லைச் சந்தேகிக்க வேண்டும். பின்னால் நிற்கும் பல் மருத்துவ மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தனியாக ஒன்று. 2021-ல் சைனஸைத் தாக்கும் கருப்புப் பூஞ்சை நம்மைப் படுத்திய பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக அந்த ஆண்டு மே மாதம் சேர்த்தது. மேல் பல் திடீரென்று ஆடுகிறது என்று பல் மருத்துவரிடம்தான் பல பேர் முதலில் போனார்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு, பல் வைத்தியத்துக்குப் பிறகு கன்னம் மரத்துப்போனாலோ, அண்ணத்திலோ மூக்கிலோ கறுப்பாகப் பொருக்குத் தட்டினாலோ மறுநாள் என்று தள்ளாதீர்கள். அதேபோல யாராக இருந்தாலும், கண் இமை வீங்கினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், கடும் காய்ச்சலோடு கழுத்து விறைத்தால் அன்றைக்கே, அந்த நேரத்திலேயே பெரிய மருத்துவமனைக்கு வர வேண்டும். இந்த அறையின் கூரைக்கு மேலே கண் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா?

வைத்தியத்துக்கு வருகிறேன். நோயாளி கேட்கும் முதல் கேள்வி, "பல்லை எடுக்கணுமா?" அந்தக் கேள்விக்குள் இருக்கும் கவலை எனக்குத் தெரியும். நகையை அடகு வைத்துப் பல் கட்டியவர்கள் இருக்கிறார்கள். அதனால் இதற்கு நேராகப் பதில் சொல்கிறேன்: பல நேரங்களில் எடுக்க வேண்டியதில்லை.

முதலில் ஸ்கேன். பல் மருத்துவர்கள் எடுக்கும் கோன் பீம் ஸ்கேனில் பல்லைச் சுற்றி உள்ள எலும்பு துல்லியமாகத் தெரியும். ஆனால் சின்ன அளவில் எடுத்தால் அறையின் தரையோடு படம் நின்றுவிடும், மேலே உள்ள வாசல் படத்தில் விழாது. நாங்கள் எடுக்கும் சைனஸ் ஸ்கேனில் வாசல் தெரியும், ஆனால் அறிக்கை எழுதுகிறவர்கள் பல் வேரைப் பற்றி ஒரு வரி எழுதாமல் விடுவது நிறைய நடக்கிறது. ஆகவே தரையும் வாசலும் ஒரே படத்தில் விழ வேண்டும், அதைப் பல் மருத்துவரும் மூக்கு மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். ஒரே அறையில் உட்கார முடியாவிட்டால் போனிலாவது பேச வேண்டும். நான் இன்று சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்.

அடுத்து மருந்து. வாய்க் கிருமிகளுக்கு ஏற்ற ஆன்டிபயாடிக், பெரும்பாலும் அமாக்ஸிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் சேர்ந்தது. பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு வேறு இருக்கிறது. மருந்துக்கடையில் நீங்களே கேட்டு வாங்கி மூன்று நாள் போட்டு நிறுத்தாதீர்கள். சீழ் எடுத்துச் சோதித்துக் கிருமிக்கு ஏற்ற மருந்து கொடுக்கும் வாய்ப்பை அது கெடுத்துவிடும். மூக்கை உப்புநீரால் கழுவுவது நல்லது. தண்ணீர் கொதிக்கவைத்து ஆற வைத்ததாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரையோ குளத்துத் தண்ணீரையோ மூக்குக்குள் விடவே கூடாது. மூளையைத் தாக்கும் அமீபா அந்த வழியாகத்தான் ஏறுகிறது. சைனஸ் லிப்ட் செய்த சில நாட்களிலேயே வருகிற நோய் மருந்துக்கு அடங்குவதும் உண்டு. அடங்கவில்லையென்றால் கிருமி ஏறிய துகள்களை எடுத்துத்தான் ஆக வேண்டும். துகளுக்கு ரத்த ஓட்டம் கிடையாது, மருந்து அங்கே போய்ச் சேராது. மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் எழுதிக்கொண்டே போவது வைத்தியம் ஆகாது.

நாள்பட்டதற்கு அறுவைச் சிகிச்சை. இதில் ஒரு நூறு ஆண்டுக் கதை இருக்கிறது. 1893-ல் நியூயார்க்கில் கால்ட்வெல், 1897-ல் பாரிசில் லூக் என்று இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே ஒரே முறையைச் சொன்னார்கள். மேலுதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே எலும்பில் வழி வெட்டி, அறைக்குள் நுழைந்து, சவ்வைச் சுரண்டி எடுத்துவிட்டு, சீழ் வடியட்டும் என்று அறையின் அடியில் மூக்குப் பக்கம் ஓர் ஓட்டை போடுவது. நம் குளத்து மதகு போல அடியில் போட்டார்கள். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பல பேருக்கு நோய் திரும்ப வந்தது, கன்னம் மரத்துப்போனது. காரணத்தைத் தெளிவாகக் காட்டியவர் ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்து மெசர்கிளிங்கர். உள்ளே விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப் கருவியை வைத்து அவர் பார்த்தபோது, அடியில் எவ்வளவு பெரிய ஓட்டை இருந்தாலும் நுண்மயிர்கள் அதைச் சட்டை செய்யாமல், சளியைப் பழைய வாசலுக்கே ஏற்றிக்கொண்டு போயின. கருவிலேயே போட்ட பாதை அது, நாம் மாற்ற முடியாது. அப்படியானால் செய்ய வேண்டியது அந்த இயற்கையான வாசலைத் திறந்துவிடுவது மட்டும்தான். அவர் மாணவர் ஸ்டாம்பெர்கரும் அமெரிக்காவில் கென்னடியும் 1980-களில் இந்த எண்டோஸ்கோப் முறையை உலகெங்கும் கொண்டுபோனார்கள்.

டீச்சருக்குச் செய்தது அதைத்தான். முகத்தில் வெட்டு இல்லை, தையல் இல்லை. மூக்குத் துளை வழியாகவே போய் வாசலைப் பெரிதாக்கினோம். சீழைக் கழுவி எடுத்தோம். தரையில் ஒட்டிக் கிடந்த துகள்களை வளைந்த கருவியால் ஒவ்வொன்றாக எடுத்தோம். அவருடைய பல் மருத்துவரை அறுவை அரங்குக்கே அழைத்திருந்தேன், வந்தார். இரண்டு திருகையும் அவர் சோதித்தார். ஒன்று எலும்போடு கெட்டியாகச் சேர்ந்திருந்தது, அதைத் தொடவில்லை. உள்ளே நீட்டிக்கொண்டிருந்த மற்றதைச் சுற்றி எலும்பு கரைந்திருந்தது, அதை எடுத்துவிட்டார். ஆறு வாரம் கழித்து வந்த டீச்சர் பேரனையும் இடுப்பில் தூக்கி வந்திருந்தார்.

எதை வைப்பது, எதை எடுப்பது என்பதற்கு இதுதான் கணக்கு. எலும்போடு பிணைந்திருந்தால் வைத்துக்கொண்டே சைனஸை மட்டும் சுத்தம் செய்து பார்க்கலாம். ஆடினால், சுற்றிலும் எலும்பு கரைந்திருந்தால், ஓரத்தில் ஓட்டை விழுந்திருந்தால் எடுத்துவிட வேண்டும். அறைக்குள் கழன்று விழுந்த திருகு எந்தத் தொந்தரவும் கொடுக்காவிட்டாலும் எடுத்துவிடுவதே நல்லது. நுண்மயிர்கள் அதையும் வாசல் பக்கம் நகர்த்திக்கொண்டு போகும்.

வாய்க்கும் சைனஸுக்கும் நடுவே ஓட்டை விழுந்தவர்களைப் பற்றி இன்னொருவர் மூலமாகச் சொல்கிறேன். அவர் நாதஸ்வரக் கலைஞர். மேல் கடைவாயில் வைத்த இம்பிளான்ட் நிற்கவில்லை, எடுத்துவிட்டார்கள், குழி மூடவில்லை. சீவாளியை வாயில் வைத்து ஊதினால் காற்று மூக்கு வழியாகப் போயிற்று. அவருக்கு அது பிழைப்பே போன மாதிரி. வேறோர் இடத்தில் ஈறை இழுத்துத் தைத்திருந்தார்கள், பத்தாம் நாள் பிரிந்துவிட்டது. ஏன் பிரிந்தது? மேலே அறை நிறைய சீழ். சீழுக்கு மேல் வாசல் அடைந்திருந்தது, ஆகவே தையலைப் பிரித்துக்கொண்டு கீழே வந்தது. மேலே வழி விடாமல் கீழே மூடினால் நிற்காது. நாங்கள் மூக்கு வழியாக அறையைச் சுத்தம் செய்து வாசலைத் திறந்தோம். அதே மயக்கத்தில், வாய் அறுவை மருத்துவர் கன்னத்துக்குள் இருக்கும் கொழுப்பை இழுத்து ஓட்டையின்மேல் பரப்பித் தைத்தார். குழந்தைகளின் கன்னம் உப்பலாக இருக்கிறதே, அதே கொழுப்புத்தான். நல்ல ரத்த ஓட்டம் உள்ளது, சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். 1977-லிருந்து வழக்கத்தில் இருக்கும் முறை. முழுசாக ஆறுகிற வரைக்கும் ஊதவே கூடாது என்றேன். கேட்டுக்கொண்டார். அடுத்த வைகாசிக் கல்யாணங்களுக்கு வாசித்தார்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு இம்பிளான்ட் வேண்டாம் என்று யாரும் முடிவு செய்துவிடாதீர்கள். மெல்ல முடியாமல் கஞ்சியும் ரசஞ்சாதமுமாகக் காலம் தள்ளிய பெரியவர்கள் முறுக்கு கடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். சைனஸ் லிப்ட் செய்தவர்களில் நோய் வருவது நூற்றில் சிலருக்குத்தான். வரவிடாமல் செய்யவும் வழி இருக்கிறது. மூக்குத் தண்டு கோணலோ, சதை வளர்ச்சியோ, அடிக்கடி சளியோ உள்ளவர்கள் முதலில் மூக்கைச் சரி செய்துகொண்டு பிறகு பல்லுக்குப் போங்கள். எலும்பு குறைவென்றால் குட்டை இம்பிளான்ட், சாய்த்து வைப்பது, பக்கத்துப் பல்லைப் பிடித்துக் கட்டும் பிரிட்ஜ், கழற்றி மாட்டும் பல் என்று வேறு வழிகளும் உண்டு, கேளுங்கள். பீடியும் சிகரெட்டும் நுண்மயிரைக் கெடுக்கும், எலும்பு சேர்வதைத் தடுக்கும். சைனஸ் லிப்ட் செய்த பிறகு சில வாரம் மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், அடக்கக் கூடாது. இளநீரை ஸ்டிராவில் உறிஞ்சக் கூடாது. கபாலபாதி செய்கிறவர்கள் மருத்துவர் சொல்லும் வரை நிறுத்திவையுங்கள். சங்கு ஊதுகிறவர்களும் அப்படியே.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு இம்பிளான்ட்டும் வரும் டப்பியில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். எந்தக் கம்பெனி, எத்தனை மில்லிமீட்டர் விட்டம், எத்தனை நீளம், எந்தத் தொகுதி எண் என்று அதில் அச்சிட்டிருக்கும். பல மருத்துவர்கள் அதை ஓர் அட்டையில் ஒட்டித் தருகிறார்கள். தராவிட்டால் நீங்கள் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. வைத்த தேதி, சைனஸ் லிப்ட் செய்தார்களா, சவ்வு கிழிந்ததா, என்ன துகள் வைத்தார்கள் என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள். முன்பே எடுத்த ஸ்கேன் தகட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும், உங்களுக்கோ உங்கள் அப்பா அம்மாவுக்கோ மேல் பல்லில் இம்பிளான்ட் இருந்தால், அந்த அட்டையைத் தேடி எடுத்து ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். மூக்கு மருத்துவரிடம் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும், அதை எடுத்து மேஜைமேல் வைத்து, வாயைத் திறந்து காட்டுங்கள்.